சம்பளமில்லா லீவில் போன வருடங்களைப் பென்ஷனுக்கு வாங்க முடியுமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கொழிஞ்சாம்பாறையில் எங்கள் தெருவில் மட்டும் நாலு விதமான பென்ஷன் கணக்கு இருக்கிறது. முதல் வீட்டு டீச்சர் கேரள அரசுச் சம்பளம் வாங்குகிறார். எதிர்வீட்டுக்காரர் ஒலவக்கோட்டில் ரயில்வேக்காரர். அவருக்குப் பக்கத்து வீட்டுப் பெண் கஞ்சிக்கோட்டில் ஒரு கம்பெனிக்குப் போய்வருகிறது. கடைசி வீட்டு அண்ணன் தினமும் கோபாலபுரம் தாண்டிப் பொள்ளாச்சிக்குத் தமிழ்நாட்டு அரசு வேலைக்குப் போகிறார். நான் சித்தூர் தாலுகாவில் ஓர் அரசு அலுவலகத்தின் எஸ்டாப்ளிஷ்மென்ட் செக்‌ஷனில் சர்வீஸ் புக், அதாவது ஊழியர்களின் பணிப் பதிவேடு, எழுதி எழுதியே ஓய்வு பெற்றவன். சாயங்காலம் திண்ணையில் உட்கார்ந்தால் யாராவது ஒருவர் கேட்டுவிடுகிற கேள்விகளைத்தான் இங்கே எழுதியிருக்கிறேன்.

சம்பளமில்லா லீவில் இருந்தேன். அந்தக் காலத்துக்குப் பணம் கட்டி, பென்ஷனுக்கு எண்ணும் சர்வீஸாக வாங்கிக்கொள்ளலாமா?

பெரும்பாலும் முடியாது. இந்தக் கேள்வி எங்கிருந்து வருகிறது என்பதும் எனக்குத் தெரியும். அமெரிக்காவிலோ கனடாவிலோ இருக்கும் சொந்தக்காரர் யாராவது சொல்லியிருப்பார். கலிபோர்னியா மாநில ஊழியர்களின் கால்பெர்ஸ் ஓய்வூதியத்தில், பிரசவம் போன்ற காரணங்களுக்காக எடுத்த சில விடுப்புகளைப் பின்னால் பணம் கட்டிச் சர்வீஸாக வாங்கலாம். கனடா மத்திய அரசில் சம்பளமில்லா லீவின் முதல் 3 மாதத்துக்கு ஊழியர் தன் பங்கை மட்டும் கட்டுவார். அதற்கு மேல் போனால் பொதுவாக இரண்டு மடங்கு. அங்கே அது கடையில் விலை கேட்டு வாங்குகிற மாதிரி.

நம் ஊரில் அந்தக் கடை இல்லை. லீவு எந்த வகை, அது எந்தக் காரணத்துக்கு அனுமதிக்கப்பட்டது, சர்வீஸ் புக்கில் என்ன வார்த்தை எழுதப்பட்டது என்ற மூன்றும்தான் இங்கே கணக்கு. வாங்குவதாக இருந்தால் லீவு விண்ணப்பம் கொடுக்கும் நாளிலேயே வாங்கிவிட வேண்டும், அதுவும் காகிதத்தால். பத்து வருடம் கழித்து ரொக்கத்தோடு போனால் யாரும் வாங்கிக்கொள்ள மாட்டார்கள்.

கேரள அரசு வேலையில் எந்த லீவெல்லாம் பென்ஷனுக்குச் சேரும்?

சம்பளத்தோடு கிடைக்கிற லீவு எல்லாம் சேரும். வேலை செய்து சேர்த்த ஆர்ஜித லீவு, அரைச்சம்பள லீவு, அதை மாற்றி எடுக்கும் கம்யூட்டட் லீவு, 180 நாள் பிரசவ லீவு, எதிலும் ஒரு நாள்கூடக் குறையாது. பிரசவ லீவால் பென்ஷன் குறையும் என்று ஒரு பயம் நம் பக்கத்துப் பெண்களிடம் இன்னும் இருக்கிறது. குறையாது.

சிக்கல் எல்லாம் எல்.டபிள்யூ.ஏ. என்று ஆபீஸில் சொல்லும் சம்பளமில்லா லீவில்தான். மலையாளத்தில் இதற்கு 'சூன்யவேதன அவதி' என்று பெயர். அவர்களுக்கு அவதி என்றால் விடுமுறை. நமக்கு அவதி என்றால் படுகிற பாடு. இந்த ஒரு லீவுக்கு மட்டும் தமிழ் அர்த்தமே பொருத்தம் என்று எங்கள் செக்‌ஷனில் சொல்லிச் சிரிப்போம்.

இதில் இரண்டு ஜாதி உண்டு. மருத்துவச் சான்றிதழின் பேரில் அனுமதித்த சம்பளமில்லா லீவு பென்ஷனுக்குச் சேரும். சான்றிதழ் இல்லாமல் சொந்தக் காரணத்துக்கு எடுத்தது சேராது. வெளிநாட்டு வேலைக்கும், கணவனோடோ மனைவியோடோ போய் இருப்பதற்கும் எடுக்கிற நீண்ட லீவும் சேராது. அந்த நீண்ட லீவில் பென்ஷனோடு இன்கிரிமென்ட், லீவு சேர்வது, கிராஜுவிட்டி எல்லாம் நின்றுவிடும். முன்பு சர்வீஸ் முழுவதிலும் 20 வருடம் வரை போகலாம் என்று இருந்ததை 2020இல் 5 வருடமாகக் குறைத்துவிட்டார்கள்.

கணவர் துபாயில் இருக்கிறார். நாலு வருடம் லீவு போட்டுவிட்டுப் போனால் எனக்கு எவ்வளவு நஷ்டம்?

இந்தக் கேள்விக்கு மட்டும் நான் காகிதமும் பேனாவும் எடுத்துவிடுவேன். ஏனென்றால் ஒருவருக்குப் பெரிய நஷ்டமாக இருப்பது இன்னொருவருக்கு ஒன்றுமே இல்லை.

பழைய பென்ஷன்காரர்களுக்கு, அதாவது 2013 ஏப்ரலுக்கு முன் சேர்ந்தவர்களுக்கு, கேரளத்தில் கணக்கு இப்படி: கடைசி 10 மாதச் சம்பளத்தின் சராசரி, அதில் பாதி, அதை உங்கள் சர்வீஸ் வருடத்தால் பெருக்கி 30ஆல் வகுக்க வேண்டும். 30 வருடம் இருந்தால் முழுப் பென்ஷன். 35 வருடம் வேலை பார்த்தாலும் அதே 30தான்.

இப்போது இரண்டு டீச்சர்களை எடுத்துக்கொள்வோம். ஒருவர் 23 வயதில் வேலைக்குச் சேர்ந்தவர். 56இல் ஓய்வு என்றால் 33 வருடம். அவர் 3 வருடம் லீவில் போய்வந்தாலும் 30 மிச்சம் இருக்கிறது. சர்வீஸ் கணக்கில் பென்ஷன் ஒரு ரூபாய் குறையாது. இன்னொருவர் பி.எஸ்.சி. ரேங்க் லிஸ்ட்டில் காத்திருந்து 29 வயதில் சேர்ந்தவர். அவருக்கு மொத்தமே 27 வருடம். சராசரிச் சம்பளம் 60,000 என்று வைத்தால் பென்ஷன் 27,000. நாலு வருடம் போனால் 23 வருடம், பென்ஷன் 23,000. மாதம் 4,000 போச்சு. அதன் மேல் வரும் அகவிலை நிவாரணமும் அந்த அளவுக்குக் குறையும், அதுவும் ஆயுசு முழுக்க.

இதோடு முடியவில்லை. லீவில் இருந்த நாலு வருடத்து இன்கிரிமென்ட் இல்லை. ஆகவே ஓய்வு பெறும்போது அந்த 60,000மே 60,000 ஆக இருக்காது. இந்த அடி 23 வயதில் சேர்ந்த டீச்சருக்கும் உண்டு. சர்வீஸ் வருடத்தை மட்டும் எண்ணிவிட்டு எழுந்துபோகிறவர்கள் இந்த இரண்டாவது நஷ்டத்தை விட்டுவிடுகிறார்கள். கிராஜுவிட்டியும் வருடத்துக்கு அரை மாதச் சம்பளம் என்ற கணக்கில் வருவதால் அதிலும் கை வைக்கும்.

அதற்காகப் போகாதே என்று சொல்ல மாட்டேன். குழந்தைகள் சின்னதாக இருக்கும் நாலு வருடம் அப்பாவோடு இருப்பதற்கு மாதம் 4,000 அதிக விலை என்று நான் நினைக்கவில்லை. ஆனால் விலை என்ன என்று தெரிந்துகொண்டு போங்கள்.

உடம்பு சரியில்லாமல்தான் லீவு எடுத்தேன். சர்வீஸ் புக்கில் வெறும் எல்.டபிள்யூ.ஏ. என்று எழுதியிருக்கிறதே?

நான் பார்த்த கேஸ்களில் பாதிக்கு மேல் இதுதான். எழுத வேண்டியது 'எல்.டபிள்யூ.ஏ. ஆன் எம்.சி.', அதாவது மருத்துவச் சான்றின் பேரில். இந்த கடைசி இரண்டு எழுத்து இருந்தால் லீவு சர்வீஸ், இல்லாவிட்டால் ஓட்டை. அவசரத்தில் கிளார்க் எழுதாமல் விட்டிருப்பார். நானே ஒருமுறை விட்டிருக்கிறேன். மஞ்சள் காமாலையில் ஏழு மாதம் படுத்திருந்த ஒரு பியூன் அண்ணன், ஓய்வுக்கு இரண்டு வருடம் இருக்கும்போது சர்வீஸ் புக்கைப் பார்க்க வந்தார். என் கையெழுத்தை அவரே காட்டிவிட்டு, "தம்பி, நான் படுத்திருந்தது உனக்கே தெரியுமே" என்றார். தெரியும். ஆனால் எனக்குத் தெரிந்தது பென்ஷன் கணக்கைச் சரிபார்க்கும் ஏ.ஜி. ஆபீஸுக்குத் தெரியாதே. பழைய அலமாரியில் மூன்று நாள் தேடி அவருடைய லீவு ஃபைலை எடுத்தோம். கரையான் ஓரத்தைத் தின்றிருந்தாலும் டாக்டர் சான்றிதழ் உள்ளே பத்திரமாக இருந்தது. அனுமதி உத்தரவிலும் மருத்துவச் சான்றின் பேரில் என்றே இருந்தது. அதை வைத்து, லீவு அனுமதித்த அதிகாரியின் ஒப்பத்தோடு பதிவைத் திருத்தினோம்.

ஆகவே தேட வேண்டியது அனுமதி உத்தரவு. சர்வீஸ் புக் அதன் நகல்தான். உத்தரவில் சான்றிதழ் குறிப்பிடப்பட்டிருந்தால் திருத்துவது எளிது. உத்தரவே சொந்தக் காரணம் என்று சொன்னால், இப்போது ஒரு டாக்டரிடம் போய்ப் பழைய தேதியில் சான்றிதழ் வாங்கி வருகிற வேலை வேண்டாம். அது வேறு வழக்காகிவிடும்.

ஸ்பார்க் என்ற கேரள அரசு ஊழியர்களின் ஆன்லைன் பதிவில் இருக்கும் லீவு விவரமும் சர்வீஸ் புக்கும் ஒன்றாக இருக்கிறதா என்றும் பாருங்கள். பென்ஷன் விண்ணப்பம் போடும் நேரத்தில் இரண்டும் இரண்டு கதை சொன்னால் ஃபைல் திரும்பி வரும்.

நான் ரயில்வே (தபால், பி.எஸ்.என்.எல்.லுக்கு முந்தைய டெலிகாம்). எங்களுக்கும் இதே விதியா?

அடிப்படை ஒன்றுதான்: மருத்துவச் சான்றோடு எடுத்த அசாதாரண விடுப்பு (சம்பளமில்லா லீவுக்கு அங்கே பெயர்) சேரும். சான்று இல்லாதது பொதுவாகச் சேராது. ஆனால் கலவரத்தால் வேலைக்கு வர முடியாமல் போனது, பணிக்குப் பயன்படும் உயர்படிப்பு ஆகிய காரணங்களுக்கு, லீவு கொடுக்கும்போதே அதிகாரி சேர்த்துக்கொள்ள அனுமதிக்கலாம்.

மத்திய சிவில் பென்ஷன் விதியில் ஊழியருக்குச் சாதகமான ஒரு விளக்கம் நெடுங்காலமாக உண்டு. அசாதாரண விடுப்பு பென்ஷனுக்குச் சேராது என்றால் அதைச் சர்வீஸ் புக்கில் வெளிப்படையாக எழுத வேண்டும். எழுத விட்டுப்போயிருந்தால் ஓய்வுக்குக் குறிப்பிட்ட காலம் முன்பு வரைதான் சரிசெய்யலாம். அதற்குப் பிறகு பழையதைக் கிளறக் கூடாது. சேராது என்று குறிப்பு இல்லாத விடுப்பு சேர்ந்ததாகவே கொள்ளப்படும். பழைய ஆட்கள் பலருக்கு இது தெரியாமல், ஆபீஸில் கழித்த மாதங்களைத் தலையாட்டி ஒப்புக்கொண்டு வந்துவிட்டார்கள்.

18 வருட சர்வீஸ் முடிந்ததும் ஒருமுறை, ஓய்வுக்கு 5 வருடம் இருக்கும்போது ஒருமுறை, உங்கள் தகுதியுள்ள சர்வீஸ் எவ்வளவு என்று சரிபார்த்துச் சான்று தர வேண்டும் என்பதும் மத்திய விதி. தராவிட்டால் கேளுங்கள். தப்பு இருந்தால் அப்போதே வெளியே வரும்.

இன்னொன்று. எடுத்த லீவை வேறு வகை லீவாக மாற்றக் கேட்பதாக இருந்தால், வேலையில் மறுபடி சேர்ந்த 30 நாளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். அக்கவுன்டில் அரைச்சம்பள லீவு இருக்கும்போது தெரியாமல் சம்பளமில்லா லீவு போட்டவர்களுக்கு இதுதான் வாசல்.

நான் 2013க்குப் பிறகு கேரள அரசில் சேர்ந்தேன். எனக்கு ஏது பென்ஷன் சர்வீஸ்?

சரிதான். 2013 ஏப்ரல் 1 முதல் சேர்ந்தவர்கள் என்.பி.எஸ். என்ற பங்களிப்புப் பென்ஷனில். அங்கே வருடம் எண்ணுவதில்லை, பணத்தைத்தான் எண்ணுவார்கள். சம்பளத்தில் நீங்கள் 10 சதவீதம், அரசு 10 சதவீதம். சம்பளம் இல்லாத மாதத்தில் இரண்டும் இல்லை.

இங்கே ஓரளவு 'வாங்கலாம்'. உங்கள் பிரான் எண்ணில் (என்.பி.எஸ். கணக்கு எண்) டயர் ஒன்று என்ற ஓய்வூதியக் கணக்கில் நீங்களாகவே பணம் போடலாம். ஆனால் அரசின் பங்கு அதற்கு ஈடாக வராது. இளம் வயதில் விடும் இடைவெளிதான் இதில் அதிகம் கடிக்கும், ஏனென்றால் அந்தப் பணம்தான் அதிக வருடம் வளர்ந்திருக்கும்.

மத்திய அரசில் 2025 ஏப்ரல் 1 முதல் வந்திருக்கும் யு.பி.எஸ். என்ற ஒருங்கிணைந்த ஓய்வூதியத் திட்டத்தைத் தேர்ந்தெடுத்தவர்களுக்கு மறுபடி வருடக் கணக்கு வந்துவிட்டது: 25 வருடத்துக்குக் கடைசி 12 மாத அடிப்படைச் சம்பளச் சராசரியில் பாதி, 10 வருடத்துக்குக் குறைந்தது மாதம் 10,000. உங்கள் கணக்கில் சேர்ந்த தொகை, சேர்ந்திருக்க வேண்டிய அளவைவிடக் குறைவாக இருந்தால் மீதியைக் கட்டி நிரப்பவும் வழி வைத்திருக்கிறார்கள். நான் பார்த்தவற்றில் அமெரிக்கச் சொந்தக்காரர் சொல்வதற்குக் கொஞ்சம் பக்கத்தில் வருவது இது ஒன்றுதான். அதிலும் நிரம்புவது தொகைதான்.

கஞ்சிக்கோட்டில் கம்பெனி வேலை. பி.எஃப். பென்ஷனில் லீவு நாளைக் கழிப்பார்களா?

கழிப்பார்கள். சம்பளம் இல்லாத நாள்களைக் கம்பெனி மாதாமாதம் பி.எஃப். ஆபீஸுக்கு அனுப்பும் பட்டியலில் என்.சி.பி. என்று ஒரு கட்டத்தில் போடுகிறது. பங்களிப்பு இல்லாத நாள் என்று அர்த்தம். கடைசியில் எல்லாவற்றையும் கூட்டி மொத்த சர்வீஸிலிருந்து எடுத்துவிடுவார்கள்.

பென்ஷன் கணக்கு சின்னதுதான். கடைசி 60 மாதச் சம்பளத்தின் சராசரியைச் சர்வீஸ் வருடத்தால் பெருக்கி 70ஆல் வகுக்க வேண்டும். 2014 செப்டம்பர் முதல் சம்பள உச்சவரம்பு 15,000. அந்த உச்சத்தில் இருப்பவருக்கே ஒரு வருடத்தின் மதிப்பு மாதம் சுமார் 214 ரூபாய். 20 வருடம் முடித்தால் 2 வருடம் போனஸ். ஆகவே பத்து நாள், இருபது நாள் லீவுக்கெல்லாம் தூக்கம் கெட வேண்டாம்.

தூக்கம் கெட வேண்டிய இடம் ஒன்று இருக்கிறது. மாதப் பென்ஷன் கிடைக்க 10 வருடம் வேண்டும். 6 மாதமும் அதற்கு மேலும் இருந்தால் ஒரு வருடமாக எடுத்துக்கொள்வதால், ஒன்பதரை வருடம் இருந்தாலே 10 ஆகிவிடும். இப்போது கணக்குப் போடுங்கள். ஒரு பெண் 9 வருடம் 8 மாதம் வேலை பார்த்துவிட்டுக் கல்யாணமாகி நின்றுவிடுகிறாள். என்.சி.பி. 95 நாள். கழித்தால் 9 வருடம் 5 மாதம்கூட முழுசாக வராது. அது 9 ஆகிவிடும். பென்ஷன் இல்லை, ஒரு தொகையை எடுத்துக்கொண்டு போகலாம், அவ்வளவுதான். அந்த 95 நாளை எந்த விலை கொடுத்தும் வாங்க முடியாது. ஆனால் இன்னும் இரண்டு மாதம் வேலை பார்த்திருந்தால் தாண்டியிருப்பாள். வேறு கம்பெனியிலானாலும் சரி, அதே யு.ஏ.என். என்ற பி.எஃப். எண்ணில் பங்களிப்பு விழுந்தால் போதும்.

அதனால் வேலையை விடுவதற்கு முன் பி.எஃப். உறுப்பினர் தளத்தில் 'சர்வீஸ் ஹிஸ்டரி' பக்கத்தைத் திறந்து என்.சி.பி. நாள்களைப் பாருங்கள். சம்பளத்தோடு எடுத்த லீவையும் என்.சி.பி.யில் போட்டுவைத்திருக்கும் கம்பெனிகள் உண்டு. சம்பளச் சீட்டைக் காட்டித் திருத்தச் சொல்லலாம். சீட்டை யார் பத்து வருடம் வைத்திருக்கிறார்கள் என்று கேட்காதீர்கள். என் மருமகள் அரிசிப் பெட்டியில் வைத்திருக்கிறாள்.

பிரசவத்துக்கு ஈ.எஸ்.ஐ. கொடுக்கும் பணம் சம்பளம் ஆகாது. அதில் பி.எஃப். பிடிப்பதில்லை. அந்த 26 வாரம் இந்தக் கணக்கில் இடைவெளியாக விழுவது அநியாயம்தான். அரசு டீச்சருக்கு ஒரு நாள்கூடக் குறையாத இடத்தில் மில் பெண்ணுக்கு அரை வருடம் போகிறது.

நெல்லியாம்பதி, மூணாறு தோட்டத் தொழிலாளிக்கும் இதேதானா?

இதேதான். தோட்டத்தில் என்.சி.பி.யைவிடப் பெரிய ஓட்டை ஒன்று உண்டு. ஓர் எஸ்டேட்டை விட்டு இன்னோர் எஸ்டேட்டுக்குப் போகும்போது பென்ஷன் பணத்தையும் சேர்த்து எடுத்துவிடுகிறார்கள். எடுத்தால் அதுவரை இருந்த வருடம் அழிந்துவிடும். மறுபடி ஒன்றிலிருந்து எண்ண வேண்டும். 10சி என்ற பி.எஃப். படிவத்தில் பணம் கேட்பதற்குப் பதிலாக, அதுவரை இருந்த சர்வீஸைக் காட்டும் ஸ்கீம் சர்டிபிகேட் கேளுங்கள். வருடங்கள் அப்படியே நிற்கும்.

வீடு வேலந்தாவளத்தில், வேலை தமிழ்நாட்டு அரசில். எந்த மாநில விதி?

சம்பளம் யார் கொடுக்கிறார்களோ அவர்கள் விதி. வீடு எங்கே, ரேஷன் கார்டு எங்கே என்பதெல்லாம் இதில் இல்லை. தமிழ்நாட்டில் பிரசவ விடுப்பு 2021 ஜூலை முதல் 12 மாதம், சம்பளத்தோடு. 2003 ஏப்ரல் 1 முதல் சேர்ந்தவர்கள் பங்களிப்பு ஓய்வூதியத்தில் வந்தவர்கள் என்பதையும் மனதில் வையுங்கள்.

உண்மையிலேயே பணம் கட்டிச் சர்வீஸைக் காப்பாற்றுகிற வழி ஒன்றுகூடவா இல்லை?

ஒன்று உண்டு. அது லீவு அல்ல, 'ஃபாரின் சர்வீஸ்'. பெயரைக் கேட்டு வளைகுடாவை நினைத்துவிட வேண்டாம். அரசு ஊழியரை ஒரு வாரியத்துக்கோ கழகத்துக்கோ பல்கலைக்கழகத்துக்கோ முறைப்படி அனுப்பி, சம்பளம் அங்கே வாங்கினால் அதற்குத்தான் இந்தப் பெயர். அந்தக் காலத்துக்குப் பென்ஷன் பங்களிப்பு கட்ட வேண்டும். பொதுவாக வேலை வாங்குகிற நிறுவனம் கட்டும். அவர்கள் ஒப்புக்கொள்ளாவிட்டால் ஊழியரே கட்டலாம். மத்திய அரசில் மாத முடிவிலிருந்து 15 நாளுக்குள் கட்டாவிட்டால் 100 ரூபாய்க்கு நாளுக்கு 2 பைசா வட்டி. கட்டிய செலானின் நகல் உங்கள் கையில் இருக்கட்டும். நிறுவனம் கட்டியதா என்று யாரும் கேட்காமல் விட்டு, ஓய்வுக்கு ஆறு மாதம் முன்னால் அலைந்தவர்களை எனக்குத் தெரியும்.

ஆகவே ஒரே வேலைக்கு லீவு போட்டுப் போவதற்கும் ஃபாரின் சர்வீஸில் போவதற்கும் வாய்ப்பு இருந்தால் யோசிக்கவே வேண்டாம், ஃபாரின் சர்வீஸில் போங்கள்.

சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிட்டேன். அதுவும் சம்பளமில்லா லீவுதானே?

இல்லை. அனுமதி இல்லாமல் வராமல் இருப்பது லீவே ஆகாது. அது அந்த நாள்களோடு நிற்காமல், சர்வீஸ் முறிவு என்று வைத்துவிட்டால் அதற்கு முந்தைய சர்வீஸையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகும். மத்திய அரசில் 'டயஸ் நான்' என்று போட்டால் அந்த நாள் சர்வீஸில் சேராது, ஆனால் முறிவும் ஆகாது. எப்படியாவது பேசி அந்த அளவில் நிறுத்தப் பாருங்கள்.

திருத்தம் கேட்டு எழுத வேண்டும். எனக்கு மலையாளம் எழுத வராது. தமிழில் எழுதலாமா?

எழுதலாம். கேரள ஆட்சிமொழிச் சட்டப்படி தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் தலைமைச் செயலகத்துக்கும் துறைத் தலைவர்களுக்கும், மொழிச் சிறுபான்மைப் பகுதி என்று அறிவித்த இடங்களில் உள்ள அலுவலகங்களுக்கும் தங்கள் மொழியிலேயே எழுதலாம்.

மனுவில் கதை வேண்டாம். லீவு எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை, அனுமதி உத்தரவின் எண், தேதி, சர்வீஸ் புக்கில் எந்தப் பக்கத்தில் என்ன தப்பாக இருக்கிறது, என்ன என்று திருத்த வேண்டும் என்று அரைப் பக்கம் போதும். உத்தரவின் நகலையும் சான்றிதழின் நகலையும் இணையுங்கள். அசலைக் கொடுக்காதீர்கள், எவ்வளவு தெரிந்த சூப்பிரண்டாக இருந்தாலும் சரி. இரண்டு பிரதி எடுத்துப் போய் ஒன்றில் தபால் பிரிவின் சீலும் தேதியும் வாங்கிக்கொண்டு வாருங்கள்.